கடனுக்கு ஈடு எது?

(நகர மன்ற உறுப்பினர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு)



வரவுக்குள் வாழ வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால், ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு நிற்கப்போகும் பாலத்தையோ, குடிநீர்த் திட்டத்தையோ ஓராண்டு வரிப்பணத்தைக் கொண்டு எந்த நகரமும் கட்டிவிட முடியாது. இன்று கட்டி முடிப்போம், நாளை அதனைப் பயன்படுத்தப் போகிறவர்களும் சேர்ந்து அதன் விலையைக் கொடுக்கட்டும் என்பதற்காகவே அரசுகள் கடன் வாங்குகின்றன. அதிலே தவறில்லை. எந்தப் பணத்திலிருந்து திருப்பிக் கொடுக்கப் போகிறோம், கொடுக்க முடியாமற் போனால் அந்தச் சுமை யார் தலையிலே விழும் என்ற இரண்டு கேள்விகளையும் கேளாமலே மன்றத்தில் கையைத் தூக்கி விடுகிறோமே, தவறு அங்கேதான் பிறக்கிறது.

இன்று நான் உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட பொருள், வருவாய்க் கடன் பத்திரம் என்பதாகும். பெயரைக் கேட்டதும், இது வங்கிக்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீருக்கு எவ்வளவு கட்டணம், நம் ஊர்ச் சாலையைக் கடக்க எவ்வளவு சுங்கம் என்பதையெல்லாம் இருபது ஆண்டுகளுக்கு முன்கூட்டியே முடிவு செய்துவிடும் ஆவணம் அது.

ஒத்தி நிலமும் வருவாய்ப் பத்திரமும்

சிற்றூர்களிலே ஒத்தி என்ற வழக்கம் உண்டு. நிலத்துக்கு உரியவர் பணம் பெற்றுக்கொள்வார். பணம் கொடுத்தவர் நிலத்தின் விளைச்சலை எடுத்துக்கொள்வார். நிலம் விற்கப்படவில்லை; அதன் பலன்தான் கைமாறுகிறது. வருவாய்க் கடன் பத்திரத்துக்கும் இதற்கும் ஓர் உறவு உண்டு. பாலம் அரசினுடையதாகவே இருக்கும். அந்தப் பாலத்தில் வசூலாகும் சுங்கத்தின் மீது, கடன் கொடுத்தவருக்கு முதல் உரிமை எழுதித் தரப்படும். ஒத்திக்காரர் நிலத்தில் இறங்கி உழலாம். பத்திரக்காரரோ பாலத்தை ஏலம் போட முடியாது, குழாயைப் பிடுங்கிக்கொண்டு போகவும் முடியாது. அவருக்கு உள்ள பிடிப்பெல்லாம் வருவாயின் மீதும், அதைப் பற்றி அரசு எழுதிக் கொடுத்த உறுதிமொழிகளின் மீதுந்தான்.

மற்றொரு வகையும் இருக்கிறது. அதனைப் பொதுப் பொறுப்புக் கடன் என்பர். அதிலே அரசு தன் வரி விதிக்கும் அதிகாரம் முழுவதையும் பின்னணியாக வைக்கிறது. திட்டம் நட்டமானாலும், வரியை உயர்த்தியேனும் கடனை அடைத்தாக வேண்டும். வருவாய்க் கடனில் அப்படியில்லை. அந்தத் திட்டம் ஈட்டினால் உண்டு, ஈட்டாவிட்டால் இல்லை. கடன் கொடுத்தவர் அதனை அறிந்தேதான் கொடுக்கிறார். அறிந்த காரணத்தாலேயே சற்று உயர்ந்த வட்டியும் கேட்கிறார்.

இந்த வகைக் கடன் செழித்து வளர்ந்த நாடு அமெரிக்கா. ஏன் அங்கே வளர்ந்தது? 1837ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு, 1840களில் அந்நாட்டு மாநிலங்களில் எட்டு, கால்வாய்க்கும் இரயில் பாதைக்கும் வங்கிகளுக்கும் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் தவறின. சூடு கண்ட மக்கள், இனி இவ்வளவுக்கு மேல் கடன் வாங்கலாகாது, வாங்குவதானால் எங்கள் வாக்கைப் பெற்றாக வேண்டும் என்று மாநிலங்களின் அரசியல் சட்டங்களிலும் நகரங்களின் சாசனங்களிலும் வரம்பு கட்டினர். நகரங்கள் வளர்ந்தன, தண்ணீர் வேண்டும், விளக்கு வேண்டும், வரம்போ குறுக்கே நின்றது. 1895ஆம் ஆண்டு, வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் நகரின் குடிநீர் நிலைய வழக்கிலே, அம்மாநில உச்சநீதிமன்றம் ஒரு வழி காட்டியது. குடிநீர்க் கட்டணத்தைத் தனி நிதியாக ஒதுக்கி, அந்நிதியிலிருந்து மட்டுமே கொடுப்பதாக ஒப்புக்கொண்டால், அது நகரத்தின் பொதுக்கடன் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த வாய்க்காலிலேதான் பின்னர் ஆயிரமாயிரம் கோடி டாலர் ஓடிற்று.

இதை எண்ணிப் பாருங்கள். மக்களின் வாக்கைக் கேட்டே கடன் வாங்க வேண்டும் என்ற தடையைத் தாண்டுவதற்கான வழியாகவும் இது பிறந்திருக்கிறது. பயனும் உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டும் ஒரே தொட்டிலில் வளர்ந்தவை.

பணம் நடக்கும் வழி

எப்படித் திருப்பிக் கொடுக்கப்படுகிறது என்பதைப் பார்ப்போம். கடன் வாங்கும்போதே நீண்டதோர் ஆவணம் எழுதப்படுகிறது. டிரஸ்டி என வழங்கப்படும் பொறுப்பாளர் ஒருவர், பெரும்பாலும் ஒரு வங்கி, பத்திரக்காரர்கள் அனைவரின் சார்பிலும் அமர்த்தப்படுகிறார். வசூலாகும் பணம் எந்த வரிசையில் செல்ல வேண்டும் என்பதை அந்த ஆவணம் விதிக்கிறது. வழக்கமாக முதலாவது, நிலையத்தை நடத்தும் செலவும் பழுதுபார்க்கும் செலவும். இரண்டாவது, வட்டியும் அசல் தவணையும். மூன்றாவது, காப்பு நிதியில் குறைந்திருப்பதை நிரப்புதல். நான்காவது, பழைய இயந்திரங்களை மாற்றுவதற்கான ஒதுக்கீடு. இவை யாவும் போக மிஞ்சியதுதான் நகரத்தின் கைக்கு வரும். சில ஆவணங்களிலே முதல் இரண்டும் இடம் மாறியிருக்கும். நடத்தும் செலவுக்கு முன்பே கடன்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்றிருக்கும். ஊழியர்க்குச் சம்பளம் முன்னா, பத்திரக்காரருக்கு வட்டி முன்னா என்ற கேள்வி அந்த ஒரு வரியிலே அடங்கியிருக்கிறது.

பிறகு உறுதிமொழிகள். கட்டண உறுதிமொழி என்று ஒன்று. நடத்தும் செலவு போக எஞ்சும் வருவாய், அவ்வாண்டுக் கடன் தவணையைப் போல் இத்தனை மடங்கு இருக்கும்படி கட்டணத்தை வைத்திருப்போம் என்று வாக்களிப்பது அது. ஒன்றே கால் மடங்கு என்பது பரவலான அளவு. மேல்கடன் கட்டுப்பாடு என்பது இன்னொன்று. வருவாய் போதும் என்று கணக்குக் காட்டாமல் அதே வருவாயின் மீது புதுக்கடன் வாங்கமாட்டோம் என்பது அதன் பொருள். மூன்றாவது, காப்பு நிதி. ஏறத்தாழ ஓராண்டுத் தவணைக்குச் சமமான தொகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிப் பொறுப்பாளரிடம் வைத்துவிடுவது.

கணக்காகச் சொன்னால் விளங்கும். ஒரு நகராட்சி, பெயர் வேண்டாம், கற்பனையாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் குடிநீர்க் கட்டணம் வசூலிக்கிறது. நடத்தும் செலவு 5 கோடி. எஞ்சுவது 5 கோடி. கடன் தவணை 4 கோடி. ஒன்றே கால் மடங்கு. கணக்கு அழகாக இருக்கிறது. மறு ஆண்டு வசூல் 10 விழுக்காடு குறைந்து 9 கோடி ஆகிறது. பம்பு ஓடியாக வேண்டும். ஊழியர்க்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆகவே செலவு குறையவில்லை. எஞ்சுவது 4 கோடி. தவணைக்குச் சரியாகப் போய்விட்டது. பழைய குழாயை மாற்ற ஒரு காசு இல்லை. வசூல் 15 விழுக்காடு குறைந்ததென்றாலோ எஞ்சுவது 3 கோடியே 50 இலட்சம். 50 இலட்சம் பற்றாக்குறை. காப்பு நிதியில் கை வைத்தாக வேண்டும். உடனே கட்டண உறுதிமொழி விழித்துக்கொள்ளும். மீண்டும் ஒன்றே கால் மடங்குக்கு வர, 8 கோடியே 50 இலட்சம் 10 கோடியாக வேண்டும். அதாவது கட்டணம் ஏறத்தாழ 18 விழுக்காடு உயர வேண்டும். யார்மீது? கட்டாதவர்கள்மீது அன்று. ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருப்பவர்கள்மீது! அந்த உயர்வைக் கண்டு இன்னும் சிலர் விலகினால், எஞ்சியவர்கள்மீது இன்னும் அதிகம்.

ஆகவே, இந்தக் கடனுக்கு ஆதரவாகக் கை தூக்கும் உறுப்பினர், அந்த நாளிலேயே பிற்காலக் கட்டண உயர்வுக்கும் சேர்த்துக் கை தூக்குகிறார். தெரிந்து தூக்கினால் அது பொறுப்பு. தெரியாமல் தூக்கினால், பிறகு தெருக்கூட்டத்திலே நின்று, இந்த உயர்வுக்கும் எனக்கும் தொடர்பில்லை என்று பேச அவருக்கு உரிமையில்லை.

தங்க வாயிற் பாலம்

நல்ல எடுத்துக்காட்டு ஒன்றை முதலில் சொல்கிறேன். சான்பிரான்சிஸ்கோ நகரிலே கோல்டன் கேட் பாலம் இருக்கிறது. அதனைக் கட்ட ஆறு மாவட்டங்களை இணைத்துத் தனி அமைப்பொன்று ஏற்பட்டது. 1930 நவம்பரில், 3 கோடியே 50 இலட்சம் டாலர் கடனுக்காக மக்களின் வாக்குக் கேட்டனர். அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் மூழ்கத் தொடங்கிய நேரம் அது. அந்த நேரத்திலும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மக்கள் ஆதரித்தனர். எதை ஈடாக வைத்தார்கள் தெரியுமா? தங்கள் வீடுகளையும் பண்ணைகளையும் கடைகளையும்! சுங்கம் போதாவிட்டால் அந்த மாவட்டங்களின் சொத்துக்கள்மீது வரி விழும் என்ற நிபந்தனைக்கு இசைந்தே வாக்களித்தனர்.

பாலம் 1937 மே மாதத்தில் திறக்கப்பட்டது. கடைசிப் பத்திரம் 1971இல் அடைக்கப்பட்டது. அசல் 3 கோடியே 50 இலட்சம். வட்டி ஏறத்தாழ 3 கோடியே 90 இலட்சம் டாலர். வட்டி அசலையே மிஞ்சிவிட்டது. ஆனாலும் முழுத்தொகையும் சுங்கத்திலிருந்தே கொடுக்கப்பட்டது. திருப்பிக் கொடுக்கும் ஊற்று ஒன்று, ஈடு மற்றொன்று என்ற வேற்றுமையை இது தெளிவாகக் காட்டுகிறது. ஊற்று வற்றாமல் இருந்ததால் ஈட்டைத் தொட வேண்டிய தேவை எழவில்லை.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடன் 1971இல் தீர்ந்தது, சுங்கம் தீரவில்லை. பாலத்தைப் பேணவும், பேருந்துகளையும் படகுகளையும் நடத்தவும் அது தொடர்ந்து வாங்கப்படுகிறது. நல்ல காரணமாக இருக்கலாம். ஆனால், கடன் தீர்ந்ததும் கட்டணம் நிற்கும் என்று எவரேனும் சொன்னால், அதனை எழுத்திலே கேளுங்கள்.

எழுதிக் கொடுத்ததை அழிக்கலாமா?

அடுத்தது நியூயார்க் துறைமுக அமைப்பு. 1921இல் நியூயார்க், நியூ ஜெர்சி ஆகிய இரு மாநிலங்களும் சேர்ந்து ஏற்படுத்தியது. அதற்கு வரி விதிக்கும் அதிகாரமில்லை. பாலங்களிலும் சுரங்கப் பாதைகளிலும் வரும் சுங்கத்தைக் கொண்டே கடன் வாங்கிற்று, கட்டிற்று, அடைத்தது. 1931இல் பொதுக் காப்பு நிதி ஒன்று சட்டத்தின்படி அமைந்தது. நிலுவையிலுள்ள பத்திரங்களின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு அதிலே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல வருவாய் தரும் பாலம், நலிந்த பாலத்தைத் தாங்கிற்று.

1962இல் அந்த அமைப்பு, நொடித்துப்போன இரயில் நிறுவனம் ஒன்றை ஏற்கும்படி ஆயிற்று. பத்திரக்காரர்கள் அஞ்சினர்: சுங்கப் பணத்தையெல்லாம் இரயில் விழுங்கிவிடுமோ என்று. இரு மாநிலங்களும் சட்டத்திலே உறுதிமொழி எழுதின. ஒரு வரம்புக்கு மேல் பயணிகள் இரயிலின் நட்டத்துக்கு இந்த வருவாயைச் செலவிடமாட்டோம் என்றன. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. எண்ணெய் நெருக்கடி வந்தது. மோட்டார்களைக் குறைத்து இரயிலை வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1974இல் இரு மாநிலங்களும் அந்த உறுதிமொழியைப் பழைய பத்திரங்களுக்கும் சேர்த்து நீக்கிவிட்டன. வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் சென்றது. 1977இல், நால்வர் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாக, நீக்கியது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அரசு தன் சொந்தக் கடனைப் பற்றிய வாக்குறுதியைத் தானே தளர்த்தும்போது, தன்னலம் அதில் கலந்திருப்பதால், நீதிமன்றம் கூர்ந்து பார்க்கும் என்றது பெரும்பான்மை. மறுத்து எழுதிய நீதிபதி பிரென்னன், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் பொதுநலம் கருதிச் செய்வதை நீதிமன்றம் இப்படித் தடுக்கலாகாது என வாதிட்டார்.

யார் சொன்னது சரி? இரண்டிலும் நியாயம் இருக்கிறது. வாக்குக் கொடுத்த அரசு வாக்குத் தவறினால் நாளை எவர் கடன் கொடுப்பார்? கொடுத்தாலும் எத்தனை வட்டி கேட்பார்? அந்தக் கூடுதல் வட்டியையும் மக்கள்தானே கொடுக்க வேண்டும்? அதே நேரத்தில், இன்றைய மன்றம் ஒன்று முப்பது ஆண்டுகளுக்குப் பிந்திய மக்களின் கைகளைக் கட்டிவிடலாமா? என் கருத்து இது: எழுதிக் கொடுத்த பிறகு காப்பாற்றத்தான் வேண்டும். ஆகையினாலே, எழுதுவதற்கு முன்பே எதை எழுதக்கூடாது என்று சிந்திக்க வேண்டும். மன்றத்தின் சுதந்திரம் கையெழுத்துக்கு முன்னே இருக்கிறது, பின்னே இல்லை.

எரியாத உலைகள்

இனி, நெஞ்சை உலுக்கும் எடுத்துக்காட்டு. வாஷிங்டன் மாநிலத்திலே, பொதுத்துறை மின்வாரியங்கள் பல சேர்ந்து 1957இல் கூட்டு அமைப்பொன்றை நிறுவின. பின்னர் அது ஐந்து அணுமின் நிலையங்களைக் கட்டத் தொடங்கிற்று. முதல் மூன்றுக்கும், பான்வில் மின் நிர்வாகம் என்னும் மத்திய அரசு நிறுவனம் பின்னின்றது. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் 88 மின்வாரியங்கள் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தன. மின்சாரம் வந்தாலும் வராவிட்டாலும், நிலையம் முடிந்தாலும் முடியாவிட்டாலும், கடனுக்கான பணத்தைக் கொடுத்தே தீருவோம் என்பது அவ்வொப்பந்தம். இதைவிட வலுவான ஈடு உண்டோ என்று நம்பி, ஓய்வுபெற்ற முதியவர்கள் பலர் தங்கள் சேமிப்பை அந்தப் பத்திரங்களிலே போட்டனர்.

செலவு பெருகிற்று. மின்சாரத் தேவை எதிர்பார்த்தபடி வளரவில்லை. 1982 சனவரியில் நான்காவதும் ஐந்தாவதும் கைவிடப்பட்டன. கொடுத்தே தீருவோம் என்று எழுதியவர்கள் கொடுத்தார்களா? 1983 சூனில் மாநில உச்சநீதிமன்றம் சொல்லிற்று: நிலையத்தில் உரிமையும் இல்லாமல், அதை நடத்துவதில் போதிய அதிகாரமும் இல்லாமல், வரலாம் வராமலும் போகலாம் என்ற மின்சாரத்துக்காக இப்படியொரு பொறுப்பை ஏற்க அந்த வாரியங்களுக்குச் சட்டமே அதிகாரம் தரவில்லை, ஆகவே ஒப்பந்தம் செல்லாது. அடுத்த மாதமே 225 கோடி டாலர் பத்திரங்கள் தவணை தவறின. அமெரிக்க நகராட்சிக் கடன் வரலாற்றிலே அன்று வரை அவ்வளவு பெரிய தவறுதல் நிகழ்ந்ததில்லை. 1988இல் வழக்குகள் சமரசமாகி 75 கோடி டாலர் அளவில் கிடைத்தது. எஞ்சியது பத்திரக்காரர்களின் கண்ணீரோடு போயிற்று.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். முதல் மூன்று நிலையங்களில் இரண்டாவது மட்டுமே கட்டி முடிக்கப்பட்டது. முதலாவதும் மூன்றாவதும் அரைகுறையாய் நின்றன. ஒரு விளக்கைக்கூட அவை ஏற்றவில்லை. ஆயினும் அவற்றின் பத்திரக்காரர்களுக்குப் பணம் தவறாமல் வந்தது. எங்கிருந்து? பான்வில் நிர்வாகத்திடம் மின்சாரம் வாங்கிய அந்த வட்டாரத்து மக்களின் மின்கட்டணத்திலிருந்து!

ஒரே அமைப்பு, ஒரே வகை நிலையம், ஒரே தோல்வி. ஒன்றில் கடன் கொடுத்தவர் இழந்தார். மற்றொன்றில் கட்டணம் செலுத்தியவர் இழந்தார். யார் இழப்பது என்பதை முடிவு செய்தது ஆவணத்தில் இருந்த வாசகமும், அதை எழுத இருந்த அதிகாரமுமே. ஈடு வலுவாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது, அது கடன் கொடுப்பவருக்கு வலு என்பதே பொருள். திட்டம் நல்லது என்பதற்கு அது சான்றாகாது.

சாக்கடைக்குப் பட்ட கடன்

அலபாமா மாநிலத்து ஜெபர்சன் மாவட்டத்தின் கதையும் இத்தகையதே. கழிவுநீர் ஆறுகளில் கலப்பதைத் தடுக்க வேண்டும் என்று 1996இல் நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டது, தேவையான பணிதான். அதற்காகக் கழிவுநீர்க் கட்டணத்தை ஈடு வைத்து வாங்கிய கடன் முந்நூறு கோடி டாலரைத் தாண்டிற்று. நிலையான வட்டியிலிருந்த கடனை ஏறி இறங்கும் வட்டிக்கு மாற்றினர். அதற்குமேல் சிக்கலான வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தங்களையும் போட்டனர். 2008இல் நிதி உலகம் ஆட்டங்கண்டது, வட்டி எகிறிற்று, கணக்குக் கவிழ்ந்தது. இலஞ்சம் வாங்கிய குற்றத்துக்காக மாவட்டப் பொறுப்பிலிருந்தவர்கள் சிலர் சிறை சென்றனர். 2011 நவம்பரில் மாவட்டம் திவால் மனுச் செய்தது. 2013 டிசம்பரில் வெளிவந்தபோது, பத்திரக்காரர்கள் ஒரு பகுதியை இழந்தனர். ஆனால், கழிவுநீர்க் கட்டணம் முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 7.41 விழுக்காடு உயரும் என்பதும் அந்தத் தீர்வின் ஒரு பகுதியாயிற்று. திருடியவர் சிலர், கட்டணம் கட்டுபவர் ஊரார்!

தனி வருவாயை ஈடு வைத்தால் திவாலிலும் பாதுகாப்பு உண்டு என்று 1988இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. அந்தப் பாதுகாப்புக்கும் எல்லை இருப்பதைப் போர்ட்டோ ரிக்கோ காட்டிற்று. அங்குள்ள நெடுஞ்சாலைப் பத்திரங்கள் பற்றிய வழக்கில், திவால் நடவடிக்கை நடக்கும் காலத்தில் விரும்பினால் கொடுக்கலாம், கொடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காகிதத்தில் பூட்டியிருக்கும் பூட்டு, புயலில் எவ்வளவு தாங்கும் என்பது புயல் வந்த பிறகே தெரிகிறது.

நம் நாட்டில்

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று இருந்துவிட முடியாது. 1997இல் பெங்களூர் மாநகராட்சி 125 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. மாநில அரசு உத்தரவாதம் தந்தது. 1998இல் அகமதாபாத் மாநகராட்சி, மாநில உத்தரவாதம் இல்லாமலே 100 கோடி ரூபாய் திரட்டிற்று. குடிநீர், வடிகால் பணிகளுக்கான அந்தக் கடனுக்கு வைத்த ஈடு எது? ஆக்ட்ராய் எனும் நுழைவு வரி. நகர எல்லைக்குள் சரக்கு வரும்போது வாங்கிய வரியைத் தனிக் கணக்கிலே போட்டு, அதிலிருந்து தவணை கட்டும் ஏற்பாடு. ஏழாண்டுக் கடன் அது. 2007இல் குசராத் அரசு ஆக்ட்ராயையே ஒழித்துவிட்டது. கடன் அதற்குள் முதிர்ந்துவிட்டது, நல்ல வேளை! இருபது ஆண்டுக் கடனாக இருந்திருந்தால்? ஈடு வைக்கும் வருவாய் நம் கையில் இருக்கிறதா, மேலேயுள்ள அரசின் ஒரே உத்தரவில் மறைந்துவிடக் கூடியதா என்பதையும் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் தமிழ்நாட்டில், 2001இல் மதுரை மாநகராட்சி உள்வட்டச் சாலைக்காக 30 கோடி ரூபாய்ப் பத்திரம் வெளியிட்டது. சாலைச் சுங்கமே ஈடு. 2002இல் இன்னும் புதுமையான ஒன்று நடந்தது. தனித்தனியே சந்தைக்குப் போனால் எவரும் திரும்பிப் பாராத 13 சிறிய உள்ளாட்சிகள் ஒன்றுகூடி, குடிநீர், துப்புரவுக்கான கூட்டு நிதியத்தின் வழியாக 30 கோடியே 41 இலட்சம் ரூபாய் திரட்டின. பதினைந்து ஆண்டுக் கடன், 9.20 விழுக்காடு வட்டி. ஈடு அடுக்கடுக்காக இருந்தது. உள்ளாட்சிகள் தம் வருவாயைத் தனிக் கணக்கில் ஒதுக்க வேண்டும். குறைந்தால், மாநில அரசு அந்த உள்ளாட்சிக்குத் தரவேண்டிய பங்குத் தொகையிலிருந்து பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் காப்பு நிதி. அதற்கும்மேல், அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் உதவி நிறுவனத்தின் உத்தரவாதம்.

சிற்றூர்கள் சேர்ந்து நின்று பெரிய சந்தையில் நுழைந்தது பாராட்டத்தக்கது. ஆனால், அந்த இரண்டாவது அடுக்கைச் சற்று நின்று பாருங்கள். மாநில அரசு தரும் பங்குத் தொகை எதற்காக வருகிறது? தெருவிளக்குக்கு, துப்புரவுக்கு, சாலைக்கு. தவணை தவறினால் அதிலே பிடித்தம் விழும். குழாய்க்காகப் பட்ட கடனுக்காகத் தெருவிளக்கு அணையலாம். குடிநீர் இணைப்பே பெறாத குடிசைப் பகுதியின் குப்பை அள்ளப்படாமல் கிடக்கலாம். பயன்பெறுபவர் கொடுக்கட்டும் என்று தொடங்கிய கடன், பயன்பெறாதவரையும் கொடுக்கவைக்கும் இடம் அதுதான்.

ஐந்து கேள்விகள்

தோழர்களே! கடனே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. குழாய் இல்லாத தெருவிலே, குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தாய்மார்களிடம் போய்க் கடன் வேண்டாம், காத்திருங்கள் என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? கடன் வாங்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதனை அவர்கள் நாள்தோறும் தலையில் சுமக்கிறார்கள். நான் வேண்டுவது, கேள்வி கேட்டு வாங்குங்கள் என்பதே.

முதற் கேள்வி: திருப்பிக் கொடுக்கும் பணம் எந்த ஊற்றிலிருந்து வருகிறது? அந்த ஊற்று பத்து விழுக்காடு, பதினைந்து விழுக்காடு வற்றினால் கணக்கு எப்படி நிற்கும்?

இரண்டாவது: பணம் நடக்கும் வரிசையில் நடத்தும் செலவும் பழுதுபார்ப்பும் எத்தனையாவது இடத்தில் இருக்கின்றன? பம்பு பழுதாகிக் கிடக்கையில் வட்டி மட்டும் ஒழுங்காகப் போவதால் ஊருக்கு என்ன பயன்? பம்பு ஓடாவிட்டால் வட்டியும் நாளை நின்றுபோகுமன்றோ?

மூன்றாவது: கட்டண உறுதிமொழியின்படி, இனி வரும் ஆண்டுகளில் கட்டணம் எவ்வளவு உயரக்கூடும்? ஏழைக் குடும்பங்களுக்கான குறைந்த கட்டணத்தைக் காப்பாற்றும் இடம் ஆவணத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா? கையெழுத்திட்ட பிறகு அந்த இடத்தை உண்டாக்க முடியாது.

நான்காவது: வட்டி நிலையானதா, ஏறி இறங்குவதா? ஏறினால் அந்தப் பாரத்தை ஏற்பவர் யார்? இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுப்பவர் பெறும் கூலி எவ்வளவு? விளங்காத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, ஜெபர்சன் மாவட்டம் சென்ற வழி.

ஐந்தாவது: தவணை தவறினால், ஈடாகப் பறிபோவது எது? திட்டத்தின் வருவாய் மட்டுந்தானா, சொத்து வரியும் மாநிலப் பங்கும் கூடவா? பின்னதானால், இதனை வருவாய்க் கடன் என்று சொல்லி மக்களை ஆறுதல்படுத்தாதீர்கள். பொதுக்கடன் என்றே சொல்லுங்கள். சொல்லி ஒப்புதல் பெறுங்கள். கோல்டன் கேட் மாவட்டத்து மக்கள், தம் வீடும் பண்ணையும் ஈடு என்று தெரிந்தே வாக்களித்தார்கள். தெரிந்து வாக்களித்த மக்கள் அஞ்சவில்லை. மறைத்து வாங்கப்பட்ட கடனுக்குத்தான் மக்கள் அஞ்சுகிறார்கள்.

இன்னும் ஒன்று. இந்தக் கணக்குகளை ஆண்டுக்கொருமுறை தமிழிலே எழுதி, நகராட்சி வாசலிலே ஒட்டுங்கள். வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, தவணை எவ்வளவு, காப்பு நிதியில் இருப்பு எவ்வளவு, அசலில் மீதம் எவ்வளவு என்ற ஐந்து எண்கள் போதும். பத்திரம் வாங்கியவருக்கு அறிக்கை அனுப்புகிறோம். கட்டணம் கட்டும் குடிமகனுக்கு ஏன் அனுப்பலாகாது? கடனைத் தீர்ப்பவர் அவரல்லவா?

பொறுப்பாளர், காப்பு நிதி, உத்தரவாதம் ஆகிய யாவும் வேண்டியவையே. ஆனால், மாதந்தோறும் வரிசையில் நின்று கட்டணம் செலுத்துகிற மக்கள், இந்தத் திட்டம் நமக்குப் பயன்படுகிறது, இதன் கணக்கு நேர்மையானது என்று நம்பும் வரைதான் அத்தனை ஏற்பாடுகளும் நிலைக்கும். அடுத்த முறை உங்கள் மன்றத்திலே இப்படியொரு தீர்மானம் வரும்போது, அந்த மக்களை நினைத்து, ஆவணத்தை வரிவரியாகப் படித்து, இந்த ஐந்து கேள்விகளையும் எழுந்து நின்று கேளுங்கள். விடை கிடைத்த பிறகு கையைத் தூக்குங்கள்.